நாட்செஸ் டிரேஸ் பார்க்வேயில் பைக் ஓட்டினால் சலித்துவிடாதா?

"80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக்கூடாதாமே, 715 கி.மீ. எப்படித் தாங்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேகம்தான் வேண்டுமென்றால் இந்தச் சாலை உங்களுக்கில்லை. அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்தின் நாட்செஸிலிருந்து அலபாமா வழியாக டென்னசியின் நாஷ்வில் பக்கம் வரை போகிறது. சரக்கு லாரி கிடையாது, சிக்னல் கிடையாது. பெட்ரோல் பங்க்கும் கிடையாது! டேங்க் பாதியானதுமே பக்கத்து ஊருக்கு இறங்கிவிடுங்கள்.

நாட்செஸிலிருந்து 41-வது மைல்கல் தாண்டியதும் கட்டாயம் நிறுத்துங்கள். பழைய பாதை ஆள் உயரத்துக்கும் மேல் பள்ளமாகிக் கிடக்கும். சாக்டா, சிக்கசா பழங்குடிகள் நடந்த தடம். பிறகு, 1800-களின் தொடக்கத்தில், மிசிசிப்பி ஆற்றோடு சரக்கு கொண்டுவந்தவர்கள், நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்ப முடியாததால், படகையும் மரவிலைக்கு விற்றுவிட்டு இதே வழியாக நடந்தே ஊர் திரும்பினார்கள். அத்தனை கால்கள் தேய்த்த மண் அது.

அந்தி சாய்ந்தால் மான்கள் குறுக்கே பாயும். அதற்குள் தங்க இடம் பிடித்துவிடுங்கள்.