கைடுக்கு எத்தனை மார்க்?

ஐயா,

என் மகள் சேலத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகிறாள். அடுத்து பிஎச்.டி., அதுவும் கோட்பாட்டு இயற்பியலில்தான் என்று பிடிவாதம். ஒரு பேராசிரியரை கைடாக மனதில் வைத்திருக்கிறாள். நானோ பொருட்களில் ஆய்வு செய்யும் என் மைத்துனர், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் அந்தப் பேராசிரியர் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எச்-இன்டெக்ஸ் வெறும் 17. எனக்கே 34. இவர்கிட்ட போய் என்ன ஆகப்போகுது?" என்கிறார். 17 என்பது அவ்வளவு குறைவா?

சரவணன், அஸ்தம்பட்டி

அன்புள்ள சரவணன்,

மைத்துனர் சொன்ன இரண்டு எண்களும் சரியாகவே இருக்கலாம். இரண்டையும் ஒப்பிட்டதுதான் தப்பு.

எச்-இன்டெக்ஸ் என்ற இந்தக் கணக்கைக் கொண்டுவந்த ஹோர்ஹே ஹிர்ஷ் என்பவரே ஒரு கோட்பாட்டு இயற்பியலாளர்தான். ஆண்டு 2005. ஒருவருடைய கட்டுரைகளில் 17 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 17 முறையாவது மற்ற கட்டுரைகளில் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவர் எண் 17. உயிரியலில் இந்த எண் இயற்பியலைவிடக் கூடுதலாக வரும் என்று ஹிர்ஷே அப்போதே எழுதிவிட்டார். துறைக்குத் துறை மாறும் என்பது ஒன்றும் ரகசியமில்லை. நானோ ஆய்வகத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வருஷத்துக்குப் பல கட்டுரைகள் எழுதுவார்கள். கோட்பாட்டில் இரண்டு பேர் ஒரே சமன்பாட்டோடு ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டுவது சாதாரணம். இன்னொரு கோடியில், ஹிக்ஸ் துகளின் நிறையைச் சொன்ன 2015ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர்கள் 5,154 பேர். அதற்கு வரும் ஒவ்வொரு மேற்கோளும் அத்தனை பேர் கணக்கிலும் ஏறும்.

அமெரிக்க இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க் 1967இல் மூன்று பக்கத்துக்குள் ஒரு கட்டுரை எழுதினார். மின்காந்த விசையையும் வலுக்குறைந்த அணுக்கரு விசையையும் ஒன்றாகக் கட்டிய கட்டுரை. முதல் சில வருஷங்கள் அதை ஏறக்குறைய யாருமே மேற்கோள் காட்டவில்லை. அந்த மாதிரிக் கோட்பாடுகளில் கணக்கு முடிவிலிக்கு ஓடாமல் நிற்கும் என்று 1971இல் டச்சுக்காரர் ஹெரார்ட் 'ட் ஹூஃப்ட் காட்டிய பிறகுதான் மேற்கோள்கள் குவிந்தன. 1979இல் வைன்பெர்க்குக்கு நோபல். 1970இல் உங்கள் மைத்துனர் அந்தக் கட்டுரையைத் தட்டிப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

ஹிக்ஸ் துகளுக்குப் பெயர் தந்த பீட்டர் ஹிக்ஸ் கதை இன்னும் வேடிக்கை. அந்தத் துகளைப் பற்றி எழுதிய 1964க்குப் பிறகு அவர் வெளியிட்ட கட்டுரைகள் பத்துக்கும் குறைவு. சமீபத்தில் என்ன வெளியிட்டீர்கள் என்று பல்கலைக்கழகத்தில் அவர் துறையில் கேட்டால், ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்புவாராம். இன்றைக்கு எனக்கு வேலையே கிடைக்காது என்று 2013இல், நோபல் வாங்கிய வருஷத்தில், அவரே சொன்னார்.

அதற்காக எண்ணே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மேற்கோளே இல்லாத எல்லோரும் வைன்பெர்க் ஆகிவிட முடியாது. முப்பது வருஷமாக ஒருவர் எழுதியதை அவருடைய மாணவர்களைத் தவிர யாரும் தொடவில்லை என்றால் யோசிக்கத்தான் வேண்டும். (வருஷாவருஷம் நம் ஊர்ப் பத்திரிகைகளில் வரும் 'உலகின் முதல் இரண்டு சதவீத விஞ்ஞானிகள்' என்ற மேற்கோள் பட்டியல்கூட, தனக்குத்தானே காட்டிக்கொண்ட மேற்கோளைக் கழித்தும் ஒரு கணக்கு போடுகிறது, உட்துறைவாரியாகவும் பிரித்துப் பார்க்கிறது. அந்த நிதானம் மைத்துனருக்கு இல்லை.)

ஆகவே மகளிடம் சொல்லுங்கள்: அந்தப் பேராசிரியரின் ஒரு கட்டுரையை எடுத்து, அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைத் திறக்கட்டும். நான்கைந்து பேர் எழுதியதைப் படிக்கட்டும். முன்னுரையில் கூட்டத்தோடு கூட்டமாக ஒரு அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா, இல்லை அவர் சமன்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு மேலே கட்டியிருக்கிறார்களா? ஒரு நாள் வேலை. அப்புறம் அவரிடம் பிஎச்.டி. முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், முடிக்க எத்தனை வருஷம் ஆனது, பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டா என்று விசாரிக்கட்டும். எச்-இன்டெக்ஸைவிட இந்த விவரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அவரைப் பார்க்கப் போகும்போது மகளைத் தனியாக அனுப்புங்கள். நீங்கள் வாசல்வரை போகலாம். மைத்துனர் அதுவும் வேண்டாம்.