அறிவியல் துறையில் சமவாய்ப்பு: பல்கலைக்கழகக் கூட்டுத் திட்டம் பற்றி வேலூர்ப் பக்கத்துக் கேள்விகள்

ஒரு பல்கலைக்கழகமும் சுற்றியுள்ள கல்லூரிகளும் சேர்ந்து, அறிவியல், பொறியியல், கணிதத் துறைகளில் பெண்களும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் ஆய்வு, ஆசிரியர் பணி வரை போய்ச்சேர வழி செய்யும் திட்டங்கள் பற்றி வந்த கேள்விகள் இவை.

காட்பாடி, வேதியியல் ஆசிரியை: புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. ரெண்டு கருத்தரங்கு நடந்தது, அவ்வளவுதான். எங்கே கோளாறு?

மேடம், ஒப்பந்தத்துக்குப் பின்னிணைப்பு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கோளாறு அங்கேதான். "ஆய்வு ஒத்துழைப்பு, அறிவுப் பரிமாற்றம்" என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் கருத்தரங்கு மட்டும்தான் நடக்கும். அதற்குத்தான் யாருடைய அனுமதியும் பெரிதாக வேண்டாமே.

பின்னிணைப்பில் முதலில் ஒருங்கிணைப்பாளரின் நேரம் வர வேண்டும். உதவிப் பேராசிரியருக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கணக்குப்படி வாரம் 16 மணி நேர வகுப்பு. அதைக் குறைக்காமல் இந்த வேலையையும் தலையில் கட்டினால், செமஸ்டர் தேர்வு வரும்போது திட்டம் படுத்துவிடும். குறைந்தது 4 மணி நேரமாவது குறைத்து, அது டைம்டேபிளிலேயே ஏறட்டும். துறைத்தலைவர் வாய்மொழியாகச் சொன்னது அவர் மாறியதும் போய்விடும். அடுத்தது பணம்: கல்லூரியின் பங்கு எந்தக் கணக்குக்கு, எந்தத் தேதிக்குள் வரும் என்பது. எல்லாச் செலவும் பல்கலைக்கழக நிதி அலுவலர் மேஜை வழியாகத்தான் என்றால், கல்லூரி மாணவியின் பஸ் கட்டணம்கூட மாதக்கணக்கில் நிற்கும். மூன்றாவது, எந்தக் கருவி, எந்தக் கிழமை, எத்தனை மணி என்ற அட்டவணை. பேனருக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்கியதை இந்தப் பக்கம் திருப்புங்கள்.

வேலூர், கணிதத் துறை: எங்கள் துறையில் பாதிக்குமேல் பெண்கள். இங்கே என்ன ஏற்றத்தாழ்வு?

மொத்தத்தைப் பார்த்தால் தெரியாது, படிப்படியாக எண்ணுங்கள். எம்.எஸ்சி. சேர்க்கை, முடித்தவர்கள், பிஎச்.டி. பதிவு, ஆய்வேடு சமர்ப்பிப்பு, உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என ஒவ்வொரு படியிலும் விகிதம் வேண்டும். ஐந்து வருஷத் தரவாவது எடுங்கள். சிறிய துறையில் ஒரு வருஷக் கணக்கு ஒருவர் வந்தாலோ போனாலோ தலைகீழாகிவிடும். பாலினத்தோடு நிறுத்தாமல் இடஒதுக்கீட்டுப் பிரிவு, முதல் தலைமுறைப் பட்டதாரி, தமிழ்வழி, மாற்றுத்திறன் ஆகியவற்றையும் சேருங்கள். எந்தப் படியில் சட்டென்று சரிகிறதோ, செலவு அங்கே போகட்டும்.

அட்டவணையை வெளியிடும்போது ஒன்று கவனம்: 5-க்குக் குறைவான எண் உள்ள கட்டங்களை மறைக்க வேண்டும். இல்லாவிட்டால் "பட்டியல் பழங்குடி, பெண், 1" என்பது யாரென்று துறைக்கே தெரிந்துவிடும். ஒரு கட்டத்தை மட்டும் மறைத்தால் போதாது. கூட்டுத்தொகையிலிருந்து மற்றதைக் கழித்தால் மறைத்தது வெளியே வந்துவிடும். அதே வரிசையில் இன்னொன்றையும் மறையுங்கள்.

குடியாத்தம், இயற்பியல் மாணவி: பல்கலைக்கழக லேபில் எனக்குக் காலை 9 மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். பாதி நாள் தவறிவிடுகிறது.

தப்பு உங்களுடையது இல்லைம்மா, அட்டவணையுடையது. குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து காட்பாடிக்கு ரயிலில் வந்து, அங்கிருந்து பல்கலைக்கழகம் இருக்கும் சேர்க்காட்டுக்கு மறுபடி பஸ் பிடிக்க வேண்டும் என்பதை அறைக்குள் உட்கார்ந்து போட்ட அட்டவணை கணக்கில் எடுப்பதில்லை. வெளியூர் மாணவர்களுக்கு 11 முதல் 3 வரை, அதுவும் ஒரே நாளில் தொடர்ச்சியாக நான்கு மணி நேரம் கேளுங்கள். கருவியைச் சூடேற்றி, அளவு சரிபார்த்து, மாதிரியை ஏற்றவே நேரம் போய்விடும். ஒரு மணி நேரமாக நாலு நாள் கொடுத்தால் நாலு தடவையும் அது வீண். உங்கள் கல்லூரி ஒருங்கிணைப்பாளர் வழியாக எழுத்தில் கேளுங்கள்.

ராணிப்பேட்டை, ஆய்வு மாணவி: மகப்பேறு விடுப்பு கேட்டால் "பிஎச்.டி.க்கு அதெல்லாம் கிடையாது" என்கிறார் கைடு.

கிடைக்கும். யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிமுறைப்படி, மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்புக்காகப் படிப்புக் காலம் முழுவதுக்குமாக 240 நாள் வரை விடுப்பு தரலாம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்குமேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் பிஎச்.டி. முடிக்கக் கூடுதலாக 2 வருஷம் உண்டு; மொத்தம் 10 வருஷத்தைத் தாண்டக் கூடாது. விடுப்பு வேறு, உதவித்தொகை வேறு. விடுப்பில் பணம் வருமா என்பதை உங்கள் பெல்லோஷிப் விதிதான் சொல்லும். பெல்லோஷிப் ஆணையைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

வேலூர், கல்லூரி முதல்வர்: எங்கள் மாணவிக்குப் பல்கலைக்கழக லேபில் பாலியல் தொல்லை நேர்ந்தால் எந்தக் குழு விசாரிக்கும்?

இதை முன்கூட்டியே எழுதி வைக்காத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், சார். இல்லையென்றால் ரெண்டு இடத்திலும் "எங்கள் எல்லை இல்லை" என்பார்கள். புகாருக்குப் பொதுவாக 3 மாதம்தான் கெடு. அலைச்சலிலேயே அது கரைந்துவிடும். எந்த உள்புகார்க் குழுவிடம் கொடுத்தாலும் வாங்கியே ஆக வேண்டும், மற்றக் குழு ஆவணமும் சாட்சியும் தந்து ஒத்துழைக்க வேண்டும் என்று ஒரு ஷரத்து சேருங்கள். மாணவர் சம்பந்தப்பட்ட புகாரென்றால் குழுவில் மூன்று மாணவப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்பது யுஜிசியின் 2015 விதி. அந்த மூன்று இடமும் நிரம்பியிருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள்.

ஆற்காடு, தேர்வுக்குழு உறுப்பினர்: ஆசிரியர் பணிக்கு ஆளெடுக்கும்போது, இடைவெளி விட்டு வந்த பெண்களை எப்படி ஒப்பிடுவது?

வேலை செய்த வருஷத்தால் வகுங்கள். எட்டு வருஷத்தில் ஐந்து ஆய்வுக் கட்டுரை, அதில் மூன்று வருஷம் விடுப்பு என்றால் வருஷத்துக்கு ஒன்று. எட்டால் வகுத்தால் 0.6 என்று மட்டமாகத் தெரியும். மதிப்பெண் தலைப்புகளை விண்ணப்பம் பிரிக்கும் முன்பே முடிவுசெய்து, ஒவ்வொருவரும் தனியாக மதிப்பெண் போட்ட பிறகே பேச ஆரம்பியுங்கள். மூத்தவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் பேனா அந்தப் பக்கமே சாயும்.

திருப்பத்தூர், ஆசிரியர்: மத்திய அரசின் 'கதி' திட்டத்தின் படிவத்தையே எடுத்துக்கொள்ளலாமா?

தொடங்க நல்லது. உயர்கல்வியில் பாலினச் சமத்துவத்துக்காக 2005-இல் பிரிட்டனில் வந்த அதீனா ஸ்வான் சாசனத்தைப் பார்த்து அமைத்தது அது. ஆனால் அதன் மையம் பாலினம். சாதி, தமிழ்வழி, ஜவ்வாது மலைப் பழங்குடி மாணவர்கள் பற்றிய கேள்விகளை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். காவலூர் வானாய்வகம் அந்த மலையிலேயே இருக்கிறது. அடிவாரக் கல்லூரி இயற்பியல் துறைகள் அங்கே பயிற்சி இடம் கேட்டு எழுதுவதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.