அமெரிக்காவில் ஒரு முகவரி, ஈரோட்டில் ஒரு கீபோர்டு: வாசகர் கேள்வி பதில்

வெளிநாட்டுக் கடைகளில் எலக்ட்ரானிக்ஸ் பொருள் வாங்கி, நமக்கு வரும் பார்சலை அங்கே வாங்கி இங்கே அனுப்பிவைக்கும் பார்சல் ஃபார்வர்டிங் கம்பெனி மூலம் வரவழைப்பது பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. சென்னை ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: கல்லூரியில் படித்துக்கொண்டே இசையமைக்கிறேன். நான் தேடும் 61 கட்டை மிடி கீபோர்டு (கம்ப்யூட்டரோடு இணைத்து வாசிப்பது) இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அமெரிக்கக் கடையில் 250 டாலர். ஆனால் இந்தியாவுக்கு அனுப்ப மாட்டார்களாம். ஒரு ஃபார்வர்டிங் கம்பெனி ஆரிகான் மாநிலத்தில் எனக்கென்று ஒரு முகவரி தருகிறது. நம்பி வாங்கலாமா? (மாணவர், ஈரோடு)

பதில்: வாங்கலாம் தம்பி. முறையில் கோளாறு இல்லை. ஆரிகானில் மாநில விற்பனை வரி கிடையாது. அதனால்தான் பல கம்பெனிகள் அங்கேயும் டெலவர், நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்களிலும் கிடங்கு வைத்திருக்கின்றன. உங்களுக்கு ஒரு சூட் நம்பர் கொடுப்பார்கள். அந்த நம்பர் எழுதி வரும் பார்சல் உங்கள் கணக்கில் ஏறும். நீங்கள் பணம் கட்டியதும் கூரியரில் இங்கே அனுப்புவார்கள்.

ஆனால் 250 டாலரை ரூபாயால் பெருக்கிப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். செலவு எங்கே ஏறுகிறது என்று சொல்கிறேன். கீபோர்டின் எடை 5 கிலோ என்று கடையில் போட்டிருப்பார்கள். கூரியர்காரர்கள் தராசை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியை டேப் வைத்து அளப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கம். 100 × 35 × 15 பெட்டி என்றால் 10.5 கிலோ. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஆக, 5 கிலோ பொருளுக்குப் பத்தரைக் கிலோ காசு கொடுக்கப்போகிறீர்கள். மெமரி கார்டு, கேமரா லென்ஸ் போன்றவற்றுக்கு இந்தத் தொல்லை அதிகம் இல்லை. நீளமான, உள்ளே காற்று அடைத்த பெட்டிகளுக்குத்தான் கை கடிக்கும். கடைக்கு ஒரு மெயில் போட்டு, பொருளின் அளவு வேண்டாம், பேக்கிங் பெட்டியின் வெளி அளவு என்னவென்று கேளுங்கள். அதை வைத்துத்தான் கட்டணம் பார்க்க வேண்டும்.

அடுத்தது கஸ்டம்ஸ். இங்கே இறக்குமதியாளர் நீங்கள்தான். ஆதாரோ பாஸ்போர்ட்டோ கொடுத்து கேஒய்சி முடித்தால்தான் பார்சல் நகரும். வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை. விலை, அனுப்பும் கட்டணம், இன்ஷூரன்ஸ் மூன்றையும் கூட்டி அதன் மேல் சுங்க வரி, பிறகு அந்த மொத்தத்தின் மேல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்கான ஜிஎஸ்டி. பத்தரைக் கிலோவுக்குக் கொடுத்த காசுக்கும் சேர்த்து வரி கட்டுகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். விகிதம் எவ்வளவு என்று பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். பட்ஜெட்டில் மாறிக்கொண்டே இருக்கும். அன்றைய விகிதத்தை கூரியர் கம்பெனியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே ஆன் செய்து வையுங்கள். அதற்கு வங்கி தனியாகக் கட்டணம் பிடிக்கும்.

இதையெல்லாம் கூட்டிய பிறகும் வேண்டும் என்றால், ஒரே ஒரு விஷயத்தை விடாதீர்கள். பொருள் அமெரிக்கக் கிடங்கில் இருக்கும்வரைதான் ரிட்டர்ன் சுலபம். இங்கே வந்துவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில், கட்டிய வரியைத் திரும்ப வாங்குவதும் பெரும்பாடு. அதனால் அனுப்பச் சொல்வதற்கு முன் பெட்டியைத் திறந்து போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். கொஞ்சம் காசு கேட்பார்கள், கொடுங்கள். மாடல் நம்பர், கட்டைகள், பின்பக்க சாக்கெட் மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

வாரன்டி? பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு சரி. என் மேசைக்கு வரும் வெளிநாட்டுச் சாமான்களில் பாதிக்கு மேல், இங்குள்ள சர்வீஸ் சென்டர் 'எங்கள் சீரியல் நம்பர் இல்லை' என்று திருப்பி அனுப்பியவைதான். ஆகவே முதலில் அந்த பிராண்டின் இந்திய விநியோகஸ்தருக்கு எழுதிப் பாருங்கள். ஸ்டாக் இல்லாவிட்டாலும் ஆர்டரின் பேரில் வரவழைத்துத் தருபவர்கள் உண்டு. சில ஆயிரம் கூட ஆனாலும் பில்லும் வாரன்டியும் கையில் இருக்கும். படிக்கிற பிள்ளையின் பணம், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: ஃபார்வர்டிங் தளத்தில் விலையை நாமே நிரப்ப வேண்டுமாம். 'கிஃப்ட்' என்று போட்டு விலையைக் குறைத்து எழுதினால் வரி வராது என்கிறார் என் மைத்துனர். (வாசகர், நாகர்கோவில்)

பதில்: வேண்டவே வேண்டாம். 5,000 ரூபாய் வரை பரிசுப் பொருளுக்கு இருந்த விலக்கை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விட்டுவைத்தார்கள். விலையைக் குறைத்துக் காட்டினால் 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டப்படி பறிமுதலும் அபராதமும் வரலாம். இன்னொன்றை உங்கள் மைத்துனர் யோசிக்கவில்லை: பார்சல் தொலைந்தால் நீங்கள் எழுதிய விலைக்குத்தான் இன்ஷூரன்ஸ் கிடைக்கும். 400 டாலர் லென்ஸை 40 என்று எழுதியவருக்கு 40-தான்.

கேள்வி: ஜப்பானில் அழகான ரைஸ் குக்கர் பார்த்தேன். வரவழைத்தால் இங்கே ஓடுமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நேராகச் செருகினால் ஓடாதம்மா, எரிந்துவிடும். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நம் வீட்டில் 230. லேப்டாப் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் '100-240' என்று இருக்கும். அப்படி இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். வெறும் 100 என்றோ 120 என்றோ இருந்தால் வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. சூடாக்கும் சாமான் அதிகக் கரண்ட் இழுக்கும். குக்கருக்கு ஆயிரம் வாட்டுக்கு மேல் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் அது குக்கரை விடக் கனமாக இருக்கும். 120 வோல்ட் சாமானை நேராக நம் பிளக்கில் செருகிவிட்டு என் கடைக்கு எடுத்துவருகிறார்கள். திறந்தால் ஃபியூஸ் கண்ணாடி முழுக்கக் கரி, பக்கத்தில், அதிக வோல்ட் வந்தால் போர்டைக் காக்கும் நீல வில்லை போன்ற வேரிஸ்டர் இரண்டாகப் பிளந்து கிடக்கும். அதோடு நின்றிருந்தால் அதிர்ஷ்டம். போர்டும் போயிருந்தால் உதிரிபாகம் இங்கே கிடைக்காது. 230 வோல்ட்டுக்கென்றே செய்த ஏற்றுமதி மாடல் இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மகன் பிறந்தநாளுக்கு ட்ரோன்? (வாசகர், ஓசூர்)

பதில்: முடியாது. 2022 பிப்ரவரி 9 முதல் ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புத் தேவைக்கு மட்டும்தான் விலக்கு. உள்நாட்டுத் தயாரிப்பாகப் பாருங்கள்.

கேள்வி: பவர் பேங்க் ஒன்று கிடங்கிலேயே மாட்டிக்கொண்டது. 'அனுப்ப முடியாது' என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? (வாசகர், கடலூர்)

பதில்: இல்லை. பவர் பேங்கைத் தனி லித்தியம் பேட்டரியாகத்தான் விமானக்காரர்கள் பார்க்கிறார்கள். 2016 ஏப்ரல் 1 முதல் தனி லித்தியம் அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது. கருவிக்குள்ளேயே பொருத்திய பேட்டரி என்றால் விதி வேறு, பெரும்பாலும் அனுப்புவார்கள். ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் கடைக்கே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். தாமதித்தால் கிடங்கு வாடகையும் ஏறும்.

கேள்வி: ஃபார்வர்டிங் கம்பெனி அடையாள அட்டை நகல் கேட்டு, ஒரு படிவத்தில் கையெழுத்தும் கேட்கிறது. கொடுக்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: அமெரிக்கத் தபால் துறையின் 1583 எண் படிவமாக இருந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் பெயருக்கு வரும் தபாலை வேறொருவர் பெற்றுக்கொள்ள அந்நாட்டு விதி கேட்கும் ஒப்புதல் அது. இரண்டு அடையாளச் சான்று கேட்பார்கள், ஒன்றில் போட்டோ இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கொடுங்கள். நகலை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பாமல், அவர்கள் தளத்தில் உங்கள் கணக்குக்குள் நுழைந்து மட்டும் ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் அந்தக் கம்பெனியே வேண்டாம்.