அம்மாவின் கால் ஏன் ரிங் ஆகவில்லை? ஜெர்மனிக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

கெம்னிட்ஸுக்கு மாஸ்டர்ஸ் படிக்க அக்டோபரில் வந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, சென்னையிலிருந்து கொண்டுவந்த ரெட்மி போன்தான் வைத்திருக்கிறேன். அம்மா வாட்ஸப்பில் கூப்பிட்டால் ரிங் ஆவதே இல்லை. திரையைத் தொட்டதும் மிஸ்டு கால் எல்லாம் வரிசையாக வந்து விழுகிறது. பேங்க் ஆப்பில் அனுமதி கேட்கும் நோட்டிஃபிகேஷனும் நேரத்துக்கு வருவதில்லை. வார இறுதியில் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன், அந்த ஆப்பும் நடுவழியில் நின்றுவிடுகிறது. ஊரில் இருந்தவரை இதே போன் ஒழுங்காக வேலை செய்தது. புது போன் வாங்கணுமா?"

வாங்க வேண்டாம், தம்பி. முதலில் ஒன்றைப் பாருங்கள். குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது என்று 'பேட்டரி சேவர்' போட்டு அப்படியே விட்டிருக்கிறீர்களா? புதிதாக வருகிற பிள்ளைகளில் நிறையப் பேர் நவம்பரில் செய்கிற வேலை இது. நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளுக்கும் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கும்.

ஊரில் ஏன் ஒழுங்காக இருந்தது என்றால், அங்கே போன் நாள் முழுக்கக் கையிலேயே இருந்திருக்கும். இங்கே பாதி நாள் ஜாக்கெட் பையிலும் லைப்ரரி மேஜையிலும் கிடக்கிறது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இலிருந்து 'டோஸ்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. திரை அணைந்து, சார்ஜரில் இல்லாமல், அசையாமல் கிடக்கும் போனில் ஆப்புகளுக்கு இணையத்தை நிறுத்திவைத்து, அவ்வப்போது மட்டும் கொஞ்ச நேரம் திறந்துவிடும். அடுத்த வருடம் வந்த ஆண்ட்ராய்டு 7இல், பையில் அசைந்துகொண்டிருக்கும் போனுக்கும் இதன் லேசான வடிவம் வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு 9 வந்தபோது, நீங்கள் அடிக்கடி திறக்கும் ஆப் எது, எப்போதாவது திறக்கும் ஆப் எது என்று போனே பிரித்துவைத்து, பின்னது பின்னணியில் வேலை செய்வதை அளந்து கொடுக்க ஆரம்பித்தது.

இதோடு நேர வித்தியாசமும் சேர்கிறது. குளிர்காலத்தில் இந்தியா நமக்கு நாலரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அம்மா காலை ஆறு மணிக்குக் காபி குடித்துவிட்டுக் கூப்பிட்டால் இங்கே இரவு ஒன்றரை. போன் அசையாமல் மேஜையில் கிடக்கிற நேரம். ஒரு சின்ன வழி சொல்கிறேன்: சார்ஜரில் இருக்கும் போனில் டோஸ் வேலை செய்யாது. இரவு சார்ஜரைச் செருகிவிட்டுத் தூங்குங்கள். வேறு எதையும் மாற்றாமலே பிரச்சினை கொஞ்சம் குறையலாம்.

மீதிக்கு, ஆப்புகளில் இரண்டு வகை இருப்பதைத் தெரிந்துகொண்டால் போதும். வாட்ஸப், பேங்க் ஆப் போன்றவை ஆண்ட்ராய்டில் கூகுளின் பொதுவான நோட்டிஃபிகேஷன் வழியாக எழுப்பப்படுபவை. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே வாட்ச்மேன் எல்லா வீட்டுக்கும் வரும் தபாலை வாங்கிக்கொண்டு, அவசரம் என்றால் மட்டும் போய்க் கதவைத் தட்டுகிற மாதிரி. கால் வந்தால் அது அவசரச் செய்தியாக வரும், டோஸில் இருக்கும் போனையும் எழுப்பும். ஆகவே வாட்ஸப் கால் வரவில்லை என்றால் கூகுளின் டோஸை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. போன் கம்பெனி அதற்கு மேல் தானாகச் சேர்த்த கட்டுப்பாடுதான் பெரும்பாலும் காரணம். ஷாவ்மி, ஓப்போ, விவோ, ரியல்மி, சாம்சங் என்று எல்லோருமே அவரவர் பாணியில் ஆப்புகளை மூடிவைக்கிறார்கள். பேட்டரி நாள் முழுக்க நிற்கிறது என்று விளம்பரம் செய்யத்தான் இதெல்லாம் என்பது என் கணிப்பு. 'டோன்ட் கில் மை ஆப்' என்ற இணையதளத்தில் எந்தக் கம்பெனி போனில் எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும் என்று தனித்தனியாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது வகை, யாரும் எழுப்பாமல் தானே விழித்திருக்க வேண்டிய ஆப்புகள். உங்கள் டெலிவரி ஆப், நடையை எண்ணும் ஆப், ப்ளூடூத்தில் சர்க்கரை அளவு காட்டும் சென்சார் ஆப், யூனிவர்சிட்டி மெயிலை ஐமேப் (மெயில் சர்வரிலிருந்து நேராக எடுக்கும் முறை) வழியாக எடுக்கும் மெயில் ஆப் எல்லாம் இதில் சேரும். இவற்றுக்குக் கட்டாயம் முழுச் சுதந்திரம் கொடுத்தாக வேண்டும்.

உங்கள் ரெட்மியில் இப்படிச் செய்யுங்கள். வாட்ஸப் ஐகானை அழுத்திப் பிடித்து 'ஆப் இன்ஃபோ'வுக்குப் போங்கள். 'ஆட்டோஸ்டார்ட்' அணைந்திருந்தால் போடுங்கள். ஷாவ்மியின் புது சிஸ்டமான ஹைப்பர்ஓஎஸ் உள்ள போன்களில் பெயர் கொஞ்சம் மாறியிருக்கும். பிறகு 'பேட்டரி சேவர்' என்ற வரியில் 'நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' தேர்ந்தெடுங்கள். 'அதர் பெர்மிஷன்ஸ்' உள்ளே லாக் ஸ்க்ரீனில் காட்டவும், பின்னணியில் இருக்கும்போது பாப்-அப் காட்டவும் அனுமதி கேட்கும் இரண்டு வரிகள் உண்டு, இரண்டையும் கொடுங்கள். இவை இல்லாவிட்டால் கால் வந்தும் திரை எரியாமல் இருக்கும். கடைசியாக, திறந்திருக்கும் ஆப்புகளைக் காட்டும் திரையில் வாட்ஸப்பை அழுத்திப் பிடித்துப் பூட்டுச் சின்னத்தைத் தொட்டுவிடுங்கள். அப்புறம் 'எக்ஸ்' பட்டனைத் தட்டி எல்லாவற்றையும் மூடினாலும் அது மட்டும் தப்பித்துக்கொள்ளும். சில மாடல்களில் பேட்டரி செட்டிங்ஸின் உள்ளே, திரை பூட்டியதும் மொபைல் டேட்டாவை நிறுத்தவா, மெமரியைத் துடைக்கவா என்று இரண்டு கேள்வி ஒளிந்திருக்கும். இரண்டுக்கும் 'நெவர்'.

அந்த எல்லாவற்றையும் மூடும் பழக்கத்தை முடிந்தால் விட்டுவிடுங்கள். 'ஃபோர்ஸ் ஸ்டாப்' செய்யப்பட்ட ஆப்பை நீங்களே மறுபடி திறக்கும்வரை எந்த நோட்டிஃபிகேஷனும் எழுப்பாது, சில கம்பெனி போன்களில் தள்ளி மூடுவதே ஃபோர்ஸ் ஸ்டாப் மாதிரிதான். 'க்ளீனர்', 'பூஸ்டர்' என்று ஏதாவது ஏற்றியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

பேங்க் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 2019 செப்டம்பர் 14 முதல் ஐரோப்பாவில் ஆன்லைன் பணப் பரிமாற்றத்துக்கு இரண்டாவது உறுதிப்படுத்தல் வேண்டும் என்று விதி வந்தது. அதற்கு முன்னால் இருந்த காகித டான் (ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒருமுறை மட்டும் பயன்படும் எண்) பட்டியல்கள் அதோடு போய்விட்டன. இப்போது பெரும்பாலானவர்கள் புஷ்டான் மாதிரி ஓர் ஆப்பில்தான் அனுமதி கொடுக்கிறோம். நோட்டிஃபிகேஷன் வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், அந்த டான் ஆப்பை நீங்களே திறங்கள். காத்துக்கொண்டிருக்கும் கோரிக்கை உள்ளே தெரியும். நோட்டிஃபிகேஷன் என்பது நினைவூட்டல் மட்டும்தான்.

'ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடு, சரியாகிவிடும்' என்று ரூம்மேட் சொல்வார். மற்ற ஆப்புக்குச் சரி, டான் ஆப்புக்கு மட்டும் வேண்டாம். 'க்ளியர் டேட்டா'வும் வேண்டாம். அந்த ஆப் உங்கள் போனோடு பதிவு செய்யப்பட்டது. அழித்தால் பதிவு போய்விடும், பல பேங்குகளில் புதிய ஆக்டிவேஷன் கடிதம் தபாலில்தான் வரும். அது வருவதற்குச் சில நாள் ஆகும், அதற்குள் வாடகை கட்ட வேண்டிய தேதி வந்துவிடும். இன்னொன்று, தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா? பகிர்ந்து வாழும் வீட்டில் பழைய ஆளின் பெயர் மட்டும் இருந்தால் கடிதம் திரும்பிப் போய்விடும்.

டெலிவரி ஆப்புக்கு வருவோம். ஆண்ட்ராய்டில் பேட்டரி சேவர் போட்டிருந்தால் திரை அணைந்ததும் லொகேஷனை நிறுத்திவிடக்கூடும். போனைப் பையில் போட்டதும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று ஆப்புக்குத் தெரியாமல் போகிறது, நடுவழியில் நின்றுபோவதாக நீங்கள் சொல்வது பெரும்பாலும் இதுதான். ஷிஃப்ட் நேரத்தில் பேட்டரி சேவரே கூடாது. லொகேஷன் அனுமதியில் 'அலோ ஆல் தி டைம்' என்று இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 10க்குப் பிறகு இது தனியாகக் கேட்கப்படுவதால், ஆப்பை முதலில் போடும்போது அவசரத்தில் பலர் 'வைல் யூஸிங்' மட்டும் தட்டிவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு 12இலிருந்து துல்லியமான இடம், தோராயமான இடம் என்று இன்னொரு தேர்வும் உண்டு, துல்லியமானதே வேண்டும். சைக்கிளின் கைப்பிடியில் ஹோல்டர் மாட்டி, திரையை மங்கலாக எரியவிட்டு ஓட்டுவதுதான் நம்பகமான வழி.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: 2024 மார்ச்சிலிருந்து மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். ஆனால் அது வேலை ஒப்பந்தத்தோடு செய்யும் வேலைக்கு. சுயதொழிலாகப் பதிவு செய்து ஓட்டுவதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதி தனியாக வேண்டும். உங்கள் ஒப்பந்தம் எந்த வகை என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

யூனிவர்சிட்டி மெயிலை கூகுள் வழியாக இல்லாமல் நேராக ஐமேப்பில் எடுத்தால், அந்த ஆப் சர்வரோடு தானே தொடர்பைப் பிடித்துவைக்க வேண்டும். பேட்டரிக் கட்டுப்பாடு இருந்தால் மெயில் மணிக்கணக்கில் தள்ளிப்போகும். விசா நீட்டிப்புக்கான அப்பாயின்ட்மென்ட் மெயில் எந்த முகவரிக்கு வரப்போகிறதோ, அந்த ஆப்பையும் 'நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' பட்டியலில் சேருங்கள்.

சரி, இப்படி எல்லாவற்றையும் திறந்துவிட்டால் சார்ஜ் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் திறக்க வேண்டாம். வாட்ஸப், டான் ஆப், மெயில், டெலிவரி ஆப், அவ்வளவுதான். ஷாப்பிங் ஆப்புகளையும் இன்ஸ்டாகிராமையும் தூங்கவிடுங்கள். இந்த நாலும் தின்னும் சார்ஜ் கொஞ்சம்தான். அதிகம் தின்பது திரையும், சிக்னல் சரியாகக் கிடைக்காத ரயில் பயணமும்தான். குளிருக்கு மருந்து பேட்டரி சேவர் இல்லை. லித்தியம் பேட்டரி பூஜ்ஜியத்துக்குக் கீழே சோர்ந்துபோகும், 30 சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்துவிடும். போனை ஜாக்கெட்டின் உள்பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று வாங்குங்கள், புது போனின் விலையில் சின்னப் பங்குதான் ஆகும். உறைகிற குளிரில் வெளியே நின்று சார்ஜ் ஏற்றாதீர்கள், பேட்டரிக்கு அது கெடுதல்.

உங்கள் பஸ், ரயில் டிக்கெட்டும் போனில்தானே இருக்கிறது? சோதனையின்போது போன் அணைந்திருந்தால் 60 யூரோ அபராதம் எழுதிவிடுவார்கள். உங்கள் பெயரில் டிக்கெட் இருந்ததைப் பிறகு காட்டித் தொகையைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் வீண் அலைச்சல். ஆகவே 15 சதவீதத்துக்குக் கீழே போனால் தானாக பேட்டரி சேவர் வரும்படி வைப்பது சரிதான். எப்போதும் போட்டுவைப்பதுதான் தப்பு.

சாம்சங் வைத்திருக்கும் நண்பர்கள் பேட்டரி செட்டிங்ஸில் 'ஸ்லீப்பிங்', 'டீப் ஸ்லீப்பிங்' என்ற இரண்டு பட்டியலிலும் இந்த ஆப்புகள் இருக்கிறதா என்று பார்த்து, எடுத்து, 'நெவர் ஆட்டோ ஸ்லீப்பிங்' பட்டியலில் போடட்டும். ஐபோனில் வேலை குறைவு. 'லோ பவர் மோட்' பின்னணிப் புதுப்பித்தலை நிறுத்தும், சார்ஜ் 80 சதவீதம் ஏறியதும் தானே அணையும். அதில் கால் வராவிட்டால் முதலில் 'ஃபோகஸ்' செட்டிங்கைப் பாருங்கள். ஆண்ட்ராய்டிலும் 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டுத் தூங்குபவர் என்றால் வாட்ஸப்பை அதன் விதிவிலக்கில் சேர்க்க மறக்க வேண்டாம்.

ஊர் பேங்க் ஆப்பை எப்போதாவதுதான் திறப்பீர்கள். சில மாதம் தொடாத ஆப்பின் அனுமதிகளை ஆண்ட்ராய்டு தானே பறித்துக்கொள்ளும், புது வெர்ஷன்களில் ஆப்பையே உறங்கவைத்துவிடும். ஆப் இன்ஃபோவின் அடியில், பயன்படுத்தாத ஆப்பை நிறுத்திவைப்பது பற்றிய சுவிட்ச் இருக்கும், அந்த ஆப்புக்கு அதை அணைத்துவிடுங்கள்.

அப்புறம், வெள்ளம் மாதிரி ஆபத்து வந்தால் எச்சரிக்கை வருமா என்ற பயம் வேண்டாம். 2021 ஜூலை வெள்ளத்தில் மேற்கு ஜெர்மனியின் ஆர் (Ahr) ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் சுற்றிலும் 180க்கு மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, 2023 பிப்ரவரி 23 முதல் செல் ப்ராட்காஸ்ட் எச்சரிக்கை இங்கே நடைமுறைக்கு வந்தது. டவரிலிருந்து நேராகப் போனுக்கு வரும், ஆப்பும் வேண்டாம், இணையமும் வேண்டாம். போன் அணைந்திருக்கக் கூடாது, ஃப்ளைட் மோடில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்தியாவிலிருந்து வந்த போன் என்பதால் செட்டிங்ஸில் 'எமர்ஜென்சி அலர்ட்ஸ்' திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் இரண்டாவது வியாழன் காலை 11 மணிக்குத் தேசிய எச்சரிக்கை ஒத்திகை நடக்கும். போன் அலறினால் பயந்துவிடாதீர்கள்.

அம்மாவிடமும் ஒன்று சொல்லிவையுங்கள். உண்மையான அவசரத்துக்கு வாட்ஸப்பை நம்ப வேண்டாம், உங்கள் ஜெர்மன் நம்பருக்குச் சாதாரணக் கால் போடச் சொல்லுங்கள். அது ஆப் இல்லை என்பதால் எந்த பேட்டரி செட்டிங்கும் அதைத் தடுக்காது. அவர் சிம்மில் ஐஎஸ்டி வேலை செய்கிறதா என்று இப்போதே ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். டூ நாட் டிஸ்டர்பில் 'ரிப்பீட் காலர்ஸ்' அனுமதி இருந்தால், 15 நிமிடத்துக்குள் இரண்டாவது தடவை கூப்பிடும்போது ரிங் ஆகும்.

எல்லாம் மாற்றியபின் சார்ஜரிலிருந்து எடுத்து, திரையை அணைத்து, ஒரு மணி நேரம் தொடாமல் வைத்துவிட்டு ரூம்மேட்டை வாட்ஸப்பில் கூப்பிடச் சொல்லுங்கள். ரிங் ஆனால் முடிந்தது. பெரிய சிஸ்டம் அப்டேட் வந்தபின் மறுபடி ஒருமுறை பாருங்கள், சில போன்களில் இந்த செட்டிங்ஸ் பழையபடி திரும்பிவிடும். இதற்குப் பிறகும் வரவில்லை என்றால் போனின் மாடலும் ஆண்ட்ராய்டு வெர்ஷனும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.