சம்பளம் இல்லாத பயிற்சி – கடிதம்

அன்புள்ள ஐயா,

டெக்ஸ்டைல் டெக்னாலஜி இறுதியாண்டு படிக்கிறேன். ஊர் சத்தியமங்கலம் பக்கம். கடைசி செமஸ்டர் பயிற்சிக்காகத் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். முதலாளி அப்பாவுக்குப் பழக்கமானவர்; சிறுவயதிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுவேன். பண்ணாரி அம்மன் கோவில் குண்டத்துக்காக (தீமிதித் திருவிழா) ஊருக்குப் போக அவரிடம் போனில் கேட்டேன், சரி என்றார். திரும்பி வந்தால் தரப்பிரிவு சூப்பர்வைசர் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இனிமேல் எல்லாவற்றையும் முதலாளியிடமே கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். அதற்கு முன்பும் ஒருமுறை, துணியை எடை போடாமலே பதிவேட்டில் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) என்று எழுதியதற்காகக் கடிந்துகொண்டார். ஆர்டரே 180தானே ஐயா? என்னோடு படிப்பவர்கள் சிலர் கம்பெனிப் பக்கமே போகாமல் பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். நான் தினமும் போகிறேன். ஒரு ரூபாய் சம்பளம் கிடையாது. சம்பளம் வாங்காதவன் எதற்காக ஊழியர் மாதிரி நடந்துகொள்ள வேண்டும்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். நிறுவனத்தின் பெயர், அது எந்த வெளிநாட்டுக் கடைக்குத் தைக்கிறது, ஒரு டி-ஷர்ட்டுக்கு என்ன விலை பேசியிருக்கிறார்கள் என்று நீங்கள் விவரமாக எழுதியிருந்ததை எல்லாம் எடுத்துவிட்டேன். முன்பின் தெரியாத எனக்கே அவ்வளவையும் எழுதியவர், இரவு லாட்ஜ் அறையில் எவ்வளவு பேசுவார் என்ற யோசனைதான் முதலில் வந்தது. திருப்பூரில் ஓர் அறையில் நான்கு மாணவர்கள் தங்கினால் நான்கு பேரும் நான்கு கம்பெனியில் இருப்பார்கள். பீஸுக்குச் சில காசு வித்தியாசத்தில் ஆர்டர் கை மாறுகிற ஊர் அது. வாட்ஸ்அப்பில் வைக்கிற சாம்பிள் போட்டோவுக்கும் இதே கதைதான்.

இனி குண்டம். போனதில் குற்றமே இல்லை. பண்ணாரி அம்மனுக்குப் போகாதே என்று சத்தியமங்கலத்துப் பையனிடம் யாரும் சொல்லப்போவதில்லை, அந்த சூப்பர்வைசர் உட்பட. கேட்ட இடம்தான் தவறு. முதலாளி உங்கள் வீட்டுக்கு வந்தால் மாமா; கம்பெனி கேட்டுக்குள் அவர் உங்களுக்கு எத்தனையோ படி மேலே இருக்கிறவர். அன்றைக்கு உங்களை எங்கே நிறுத்துவது, எந்த லாட்டைப் பார்க்கச் சொல்வது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவர் சூப்பர்வைசர். அவருக்கு நீங்கள் வராதது காலையில்தான் தெரிகிறது. விசாரித்தால் முதலாளியே அனுப்பிவைத்தார் என்கிறார்கள். இனி அவர் உங்களுக்கு ஒரு வேலை சொல்வதற்கு முன் யோசிப்பார். தவறு செய்தாலும் சொல்லாமல் விட்டுவிடுவார். நட்டம் உங்களுக்குத்தான். நம் பக்கத்தில் கோபமும் மரியாதையோடுதான் வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சத்தம் போட்டிருந்தால் ஒரு டீயோடு முடிந்திருக்கும். அவர் பேச்சையே நிறுத்திக்கொண்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்களுக்கு எதிரே செக்கிங் டேபிளில் நிற்கிற அக்காவுக்கு ஒரு நாள் வராவிட்டால் ஒரு ஷிஃப்ட் சம்பளம் போய்விடும். அவரும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறார். முதலாளிக்கு ஒரு போன் போட்டு ஊருக்குப் போகிற பையனை அவர் எப்படிப் பார்ப்பார்? கொங்கு நாட்டில் பாதிப் பயிற்சி இடங்கள் சொந்தத்திலும் பழக்கத்திலும்தான் கிடைக்கின்றன. அதை நான் குறை சொல்லவில்லை. உள்ளே நுழைய அது போதும். நுழைந்த பிறகு அதை எடுக்கக் கூடாது.

அந்த 180 எனக்கு விடுமுறையைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஜிஎஸ்எம் கட்டரைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் 100 சதுர சென்டிமீட்டர் அளவில் ஒரு வட்டத் துண்டு வரும். அதன் எடையைக் கிராமில் எடுத்து நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை. தராசு 1.76 காட்டினால் 176. வாங்குபவர்கள் வழக்கமாக ஐந்து சதவீதம் முன்பின் ஒப்புக்கொள்வதால் 171 வரை கவலையில்லை. ஆகவே 176 என்று எழுதியிருந்தால் யாரும் உங்களை ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் தராசு 1.68 காட்டியிருந்தால்? துணி கட்டிங்குக்குப் போகாதவரை துணியை நெருக்கி அடர்த்தியாக்கும் காம்பேக்டிங்குக்குத் திருப்பி அனுப்பிச் சரிசெய்து பார்க்கலாம். கை, கழுத்து, உடல் என்று வெட்டி அடுக்கிய பிறகு கண்டுபிடித்து என்ன செய்வது? ஆர்டர் 180 என்பது எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுதவா ஓர் ஆளை நிறுத்துகிறார்கள்? எடை போட மறந்திருந்தால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கலாம். காலிக் கட்டம் யார் கண்ணிலாவது படும். பொய்யான 180 யார் கண்ணிலும் படாது. அவர் கடிந்துகொண்டதோடு விட்டதே பெரிது என்பேன்.

சம்பளத்துக்கு வருகிறேன். இதில் நான் உங்கள் பக்கம். 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் படிப்போடு தொழிற்சாலைப் பயிற்சியையும் சேர்க்கும் இந்த முறையைத் தொடங்கியபோது, மாணவர்கள் ஒரு வாரம் வகுப்பிலும் ஒரு வாரம் தொழிற்சாலையிலுமாக மாறி மாறி இருந்தார்கள். தொழிற்சாலை வாரத்துக்குக் கூலி வாங்கினார்கள். 1957இல் தொடங்கிய கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகமும் கூலியோடு கூடிய அதே வழியில்தான் வளர்ந்தது. படிப்பையும் பட்டறையையும் சேர்ப்பது நமக்கும் புதிதல்ல, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் சாண்ட்விச் என்ற பெயரில் ஐந்தாண்டுப் பொறியியல் படிப்பே உண்டு. இங்கேயும் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் சேருகிறவருக்கு உதவித்தொகை கொடுத்தாக வேண்டும். கல்லூரிக் கடிதத்தோடு வருகிற உங்களைப் போன்றவர்கள் இடையில் விழுந்துவிடுகிறார்கள். பஸ் காசும் சாப்பாட்டுக் காசும்கூடக் கொடுக்காமல் செமஸ்டர் முழுக்க ஒரு பையனை நிறுத்தி வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தப் பேச்சைச் சேருவதற்கு முன் பேசியிருக்க வேண்டும்: எவ்வளவு தருவீர்கள், எத்தனை மணி நேரம், யாரிடம் வேலை. அப்பாவுக்குப் பழக்கமானவரிடம் காசு கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும், புரிகிறது. அன்றைக்குக் கேட்காத சம்பளத்தை இன்றைக்கு எடை போடாத துணியில் கழித்துக்கொள்ள முடியாது.

சான்றிதழ் வாங்கியவர்களை விட்டுவிடுங்கள். நேர்முகத் தேர்வில் அந்தக் கட்டரைக் கையில் கொடுக்கட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

சொன்னதற்கெல்லாம் தலையாட்டச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழக்கமில்லாத மெஷினில் கை வைக்கச் சொன்னாலும், ஆள் பற்றாக்குறைக்கு இரவு ஷிஃப்டில் நிறுத்தினாலும் மறுத்துவிட்டுக் கல்லூரிப் பொறுப்பாசிரியருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். உங்கள் வகுப்புப் பெண்களுக்கு இதையும் சொல்லுங்கள்: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சிக்கு வந்தவர்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் அதற்கான புகார்க் குழு இருந்தாக வேண்டும்.

திங்கட்கிழமை கொஞ்சம் முன்னதாகப் போங்கள். ஷிஃப்ட் தொடங்கிவிட்டால் அவருக்கு நிற்க நேரம் இருக்காது. "உங்களிடம் கேட்காமல் போனது தப்புங்க" என்று மட்டும் சொல்லுங்கள். பண்ணாரியையும் மாமாவையும் அதில் இழுக்க வேண்டாம். எடை போடாமல் எழுதியது அந்த ஒரு லாட் மட்டும்தானா என்று யோசித்துப் பாருங்கள். வேறு இருந்தால் எவை என்று அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். அப்பாவை விட்டு முதலாளியிடம் பேசச் சொல்ல வேண்டாம்.