70 வயது அப்பா நாள் முழுக்கப் பழைய ராக் அண்ட் ரோல் பாட்டுகளையே கேட்கிறார். இது கடந்த காலத்திலேயே தங்கிவிடுவது இல்லையா? அவரைப் பாசிட்டிவாக மாற்றுவது எப்படி?

முதலில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குப் பிரச்சினை அப்பாவின் மனநிலையா, அவர் வைக்கும் சத்தமா? 'நாள் முழுக்க' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் நீங்கள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் என்று தோன்றுகிறது. மீட்டிங் நடுவில் பின்னாலிருந்து பியானோவும் சாக்ஸபோனும் கேட்டிருக்கும், மேனேஜர் ஏதாவது சொல்லியிருப்பார். அதுதான் விஷயம் என்றால் நேராகச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார். எழுபது வயதில் காது கொஞ்சம் மந்தம், அதனால்தான் சத்தம் கூடுகிறது. டாக்டரிடம் காதைக் காட்டிவிட்டு நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அதற்காக 'கடந்த காலத்தில் தங்கிவிட்டார்' என்று மனிதருக்கு நோய்ப் பெயர் வைக்க வேண்டாம். என் பையனும் இதே வார்த்தையைத்தான் என்னிடம் சொன்னான், அதனால்தான் இத்தனை பேர் பதில் எழுதிய பிறகும் நானும் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு 74. பிறந்து வளர்ந்தது திருச்சி பொன்மலை ரயில்வே காலனி. அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். இப்போதே ஒருவர் கணக்குப் போட்டிருப்பார்: ராக் அண்ட் ரோல் கொடிகட்டிய 1956-இல் இவருக்கு ஐந்து வயது, இவர் எங்கே ராக் அண்ட் ரோல் கேட்டார் என்று. ஐயா, ரெக்கார்டு பால் பாக்கெட் இல்லை, அன்றைக்கே கெட்டுப்போக. அமெரிக்காவில் வந்த பாட்டு பொன்மலைக்கு வந்து சேர இரண்டு மூன்று வருடம் ஆகும், வந்தால் பத்து வருடம் இருக்கும். நான் கேட்டது அறுபதுகளின் தொடக்கத்தில். அமெரிக்காவில் அதற்குள் எல்விஸ் ராணுவத்துக்குப் போய்த் திரும்பி சினிமாவில் மூழ்கிவிட்டார், பட்டி ஹாலி என்ற பாடகர் 22 வயதில் விமான விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்களுக்கு எல்லாம் புதுசு.

எங்கள் லைனில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. பக்கத்து வீட்டு அங்கிள் எஞ்சின் டிரைவர், ஆன்ட்டி எனக்கு இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவர். அவர்கள் வீட்டில் சாவி கொடுக்கும் கிராமபோன் ஒன்றும் வால்வு ரேடியோ ஒன்றும் உண்டு. ரேடியோ என்றால் எங்களுக்கு அப்போது சிலோன்தான். ஐம்பதுகளில் கேஸ்கர் ஒலிபரப்புத் துறை மந்திரியாக இருந்தபோது ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டுக்கே கதவைச் சாத்திவிட்டார்கள், ஊரே இலங்கைப் பக்கம் திரும்பியது. தமிழ்ப் பாட்டுக்கு எங்கள் வீடு, இங்கிலீஷ் பாட்டுக்கு ஆன்ட்டி வீடு. சிலோன் ரேடியோவில் வெர்னன் கொரயா அறிவிப்பு செய்யும் குரலை இன்றைக்குப் போட்டாலும் அடையாளம் சொல்வேன். 1966-இல் அவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குக் குடிபெயர்ந்தபோது, கப்பலில் ஏற்ற முடியாத சாமானில் ஒரு பெட்டி ரெக்கார்டு எனக்கு வந்தது. பெரும்பாலும் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய ரெக்கார்டுகள். இங்கே 78 அறுபதுகளிலும் அச்சாகிக்கொண்டுதான் இருந்தது, பீட்டில்ஸ் பாட்டே இந்தியாவில் 78-இல் வந்திருக்கிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதற்கு இன்றைக்கும் அலைகிறார்கள்.

அந்தப் பெட்டியில் நான் தேய்த்துத் தேய்த்துக் கேட்டது ஃபேட்ஸ் டாமினோ, பியானோ வாசித்துப் பாடிய கறுப்பினப் பாடகர். எல்விஸ் எல்லாருக்கும் தெரியும். லாஸ் வேகஸில் 1969-இல் எல்விஸை 'மன்னர்' என்று சொன்னபோது அவர் அங்கிருந்த ஃபேட்ஸ் டாமினோவைக் காட்டி, உண்மையான மன்னர் இவர் என்றாராம். குண்டு மனிதர், சிரித்த முகம், நியூ ஆர்லியன்ஸ் ஊர். 1949 டிசம்பரில் முதல் பாட்டைப் பதிவு செய்தார். காஸிமோ மட்டாஸா என்பவர் நடத்திய கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைதான் ஸ்டுடியோ. அதே அறையில்தான் 1955-இல் லிட்டில் ரிச்சர்டு என்ற பாடகர் 'டூட்டி ஃப்ரூட்டி' என்று கத்தினார், இரண்டு பாட்டுக்கும் டிரம்ஸ் அடித்தவர் ஒரே ஆள், ஏர்ல் பால்மர். உலகத்தை ஆட்டிவைத்த தாளம் பாதி அந்த அறையிலிருந்து வந்தது என்று நான் சொல்வேன். எல்லாம் மெம்ஃபிஸ் ஊரில் பிறந்தது என்னும் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தப் பாட்டுகளைக் கேட்பவன் 'அந்தக் காலம் பொற்காலம்' என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்றுதானே நினைக்கிறீர்கள்? நான் அப்படி நினைக்கவில்லை. ஃபேட்ஸ் டாமினோ பாடிய அரங்குகளில் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பக்கம், கறுப்பர்களுக்கு ஒரு பக்கம், நடுவில் கயிறு. அவர் பாடும் ஊரில் அவருக்கே பெரிய ஓட்டலில் ரூம் கிடையாது. லிட்டில் ரிச்சர்டு மேக்கன் ஊர் பஸ் நிலையத்தில் பாத்திரம் கழுவியவர். சக் பெர்ரி என்ற இன்னொரு கறுப்பினப் பாடகரின் முதல் ஹிட்டில், பாட்டை ஒலிபரப்பிய ரேடியோக்காரர் பெயரையும் எழுதியவர் என்று சேர்த்துவிட்டார்கள், அதை எடுக்க 1986 வரை ஆனது. ஃபேட்ஸின் 'எய்ன்ட் தட் எ ஷேம்' பாட்டை பாட் பூன் என்ற வெள்ளைக்காரப் பையன் நீட்டாகத் திரும்பப் பாடி, பாப் பட்டியலில் முதல் இடத்துக்குப் போனார். இத்தனையும் தெரிந்துதான் கேட்கிறேன்.

கேட்டுப் பாருங்கள், அந்தப் பாட்டுகளில் பாதி அழுகைப் பாட்டு. 'எய்ன்ட் தட் எ ஷேம்' காதலி விட்டுப்போன சோகம். 'புளூ மண்டே' திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டியவனின் புலம்பல். ஆனால் பியானோவில் இடது கை உருண்டுகொண்டே இருக்கும், கால் தானாகத் தாளம் போடும். கஷ்டத்தை மறைக்கவும் இல்லை, அதிலேயே குப்புறப் படுக்கவும் இல்லை. எனக்குத் தெரிந்த பாசிட்டிவ் இதுதான். நீங்கள் அப்பாவுக்குப் புதிதாக ஏதோ கற்றுத்தரப் பார்க்கிறீர்கள், அவர் அதைத்தான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இனி என் கதை. 2015 டிசம்பர் 1. நாங்கள் சென்னை தாம்பரம் பக்கம் முடிச்சூரில் சொந்த வீடு, தரைத்தளம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை என்று பிறகு படித்தோம். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், இருட்டியதும் தெருவில் இருந்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் கட்டிலுக்கு வந்துவிட்டது என்பதுதான். மனைவியை மாடி வீட்டுக்காரர் கைபிடித்து ஏற்றிவிட்டார். நான் பத்திரம், மாத்திரை, பென்ஷன் புத்தகம் எடுத்துக்கொண்டு ஏறினேன். ரெக்கார்டு அலமாரியின் கீழ் இரண்டு தட்டும் தண்ணீருக்குள். பெர்த் ஆன்ட்டியின் பெட்டி, சென்னை மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பு அங்கே பொறுக்கிப் பொறுக்கி வாங்கியவை, எல்லாம் அந்த இரண்டு தட்டில்தான்.

மொட்டை மாடியில் மழை விட்டபோது எனக்கு நினைவு வந்தது ஃபேட்ஸ் டாமினோ. நம்பமாட்டீர்கள், சொந்த வீடு மூழ்கும்போது யாராவது அமெரிக்கப் பாடகரை நினைப்பானா என்பீர்கள். நினைத்தேன். 2005 ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸில் கத்ரீனா புயல் வந்தபோது அவருக்கு 77 வயது, மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று ஊரைவிட்டுப் போகாமல் லோயர் நைன்த் வார்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். தண்ணீர் புகுந்தது. அவரைக் காணவில்லை என்று செய்தி வந்தது. யாரோ அவர் வீட்டுச் சுவரில் ஆன்மா சாந்தியடையட்டும் என்று பெயிண்டில் எழுதியே விட்டார்கள். பார்த்தால் மனிதரைப் படகில் மீட்டிருக்கிறார்கள், பத்திரிகைப் படத்தைப் பார்த்துத்தான் மகளுக்கே விஷயம் தெரிந்தது. பியானோக்கள் போயின, தங்க ரெக்கார்டுகள் போயின, ஜனாதிபதி கொடுத்த பதக்கம்கூடப் போனது. பிறகு பதக்கத்தை அப்போதைய ஜனாதிபதி புஷ் மறுபடி கொண்டுவந்து கொடுத்தார். 2007-இல் டிப்பிட்டினாஸ் அரங்கில் மறுபடி மேடையேறிப் பாடினார். 2017 வரை இருந்தார், 89 வயது. அவருடைய வெள்ளை ஸ்டைன்வே பியானோவைப் பழுதுபார்த்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

அந்த மாடியில் நான் ஒன்றும் ஞானம் பெறவில்லை. அவர் தப்பித்தார், நாமும் பார்ப்போம் என்று மட்டும் தோன்றியது. மனைவிதான் பயந்துவிட்டாள், இந்த மனுஷன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுக்கிறாரே, புத்தி பிசகிவிட்டதா என்று.

தண்ணீர் வடிந்த பிறகு ரெக்கார்டு கழுவினோம். இது யாருக்காவது உதவும், அதனால் விவரமாகச் சொல்கிறேன். வெள்ளத்தில் நனைந்த ரெக்கார்டை வெயிலில் காயவைக்காதீர்கள், வளைந்துவிடும். உறை ஊறிப்போயிருந்தால் கிழித்து எடுத்துவிடுங்கள், காய்ந்து ஒட்டிக்கொண்டால் அதோகதி. பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட், மெல்லிய துணி, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்கவேண்டும், குறுக்கே தேய்க்கக்கூடாது. லேபிள் மேல் தண்ணீர் படவேண்டாம். முக்கியமாக, 78-ஐ ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள், அது அரக்கு, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். எங்களுடையதில் வினைல் பெரும்பாலும் பிழைத்தது. 78-இல் பல ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது உடைந்தன. ஃபேட்ஸின் 'புளூபெர்ரி ஹில்' ஓரத்தில் சின்னதாகத் தெறித்ததோடு தப்பித்தது. பிளேயர் மோட்டார் செத்தது, ஸ்பீக்கரில் பேப்பர் கூம்பு அப்பளமாக உப்பிவிட்டது.

இதைப் படித்துவிட்டு 'அந்த வெள்ளத்தில் உயிரே போனவர்கள் இருக்கிறார்கள், நீ ரெக்கார்டுக்கு அழுகிறாயா' என்று ஒருவர் நிச்சயம் எழுதுவார். தெரியும் ஐயா. எங்கள் தெருவிலேயே எல்லாம் இழந்தவர்கள் உண்டு. என்னுடையது சின்ன இழப்பு, அதனால்தான் அதை வைத்துப் பேச முடிகிறது. 'இளையராஜா இல்லையா, எம்.எஸ்.வி. இல்லையா, வெள்ளைக்காரன் பாட்டு எதற்கு' என்று இன்னொருவர் வருவார். அவர்களையும் கேட்கிறேன். அப்புறம் ஃபேட்ஸ் டாமினோ வெள்ளைக்காரர் இல்லை. மேலே எழுதியிருக்கிறேன், படிக்கவும்.

இந்தப் 'பாசிட்டிவ்' என்ற வார்த்தை மேல் எனக்குத் தனிக் கோபம் ஒன்று உண்டு, கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வெள்ளத்துக்குப் பிறகு வீட்டை விற்றுவிட்டுப் பையனோடு ஒரு அடுக்குமாடியில் இருக்கிறோம், எங்கே என்று சொல்லப்போவதில்லை. அங்கே ஒரு வாட்ஸ்அப் குரூப். காலையில் எழுந்ததும் சூரியன், ரோஜா, புறா, 'நல்லதே நினை நல்லதே நடக்கும்'. ஒரு நாள் சம்ப் தண்ணீரில் நாற்றம் வருகிறது, சாக்கடை கலந்திருக்கலாம், தயவுசெய்து பாருங்கள் என்று போட்டோவோடு போட்டேன். அட்மின் அதை அழித்துவிட்டு, 'இங்கே நெகட்டிவ் செய்திகளைத் தவிர்க்கவும்' என்று கைகூப்புகிற பொம்மை போட்டார். மறுவாரம் இரண்டு வீட்டில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. அப்போதும் புறா பறந்துகொண்டுதான் இருந்தது. மெயின்டெனன்ஸ் பணம் மட்டும் மாதம் பிறந்தால் சரியாகக் கேட்கிறார்கள், சம்ப் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்றால் கணக்கு இல்லை. பிளம்பரைக் கூட்டிக்கொண்டு நானே இறங்கிப் பார்த்துக் குழாய் விரிசலைக் காட்டிய பிறகுதான் சரிசெய்தார்கள். நாற்றத்தை நாற்றம் என்று சொல்பவன் நெகட்டிவ் என்றால் நான் நெகட்டிவாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

சரி, உங்கள் அப்பா. அவர் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, வெளியே நாலு பேரிடம் பேசுகிறாரா? இதெல்லாம் இருந்தால் பாட்டு பாட்டுக்கு ஓடட்டும். பாட்டு போட்டும் முகம் தொங்கியே இருக்கிறது, முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்கவில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள், அதற்குப் பாட்டு காரணம் இல்லை. மற்றபடி ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தப் பாட்டை முதலில் எந்த ஊரில், யார் வீட்டில் கேட்டீர்கள் என்று கேளுங்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்கிவைத்துக்கொண்டு கேளுங்கள், சும்மா ஐந்து நிமிடத்தில் முடியாது.

திருத்தம்: ரெக்கார்டுகள் விற்பனைக்கா என்று கமெண்டில் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. ஓரம் தெறித்த 'புளூபெர்ரி ஹில்' கண்டிப்பாக இல்லை. ஆனால் 78-க்கான ஊசி நல்லதாக எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், ஆன்லைனில் வாங்கியது பத்துப் பாட்டுக்குமேல் தாங்கவில்லை.