வேதாரண்யம் டெல்டாவா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கடைமடை பற்றிய உங்கள் கட்டுரையில் கல்லணையில் ஆரம்பித்து நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி என்று வந்து தலைஞாயிற்றோடு நிறுத்திவிட்டீர்கள். அதற்குத் தெற்கே ஊரே இல்லையா? நான் வேதாரண்யத்துக்காரன், இப்போது திருப்பூரில் வேலை. என்னோடு அறையில் இருக்கும் தஞ்சாவூர் நண்பன் "உங்க ஊர் டெல்டாவே கிடையாதுடா, உப்பும் மணலும்தானே" என்று ஓட்டுகிறான். நான் உப்பு சத்தியாகிரகத்தைச் சொல்வேன். அதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை. உண்மையில் எங்கள் ஊர் டெல்டாவா, இல்லையா?

செ., திருப்பூர்

*

அன்புள்ள செ.,

தலைஞாயிற்றோடு நிறுத்தியது என் தப்புதான். ஆற்றைப் பிடித்துக்கொண்டே எழுதினேன், அது ஓய்ந்த இடத்தில் நானும் ஓய்ந்துவிட்டேன்.

நண்பர் வாயை அடைக்க வேண்டும் என்றால் சட்டத்தைக் காட்டுங்கள். காவிரி டெல்டாவுக்காக 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் தஞ்சாவூரும் இருக்கிறது, நாகப்பட்டினம் மாவட்டமும் இருக்கிறது. போதாதென்றால், 1991இல் நாகப்பட்டினம் பிரியும் வரை நீங்களும் அவரும் ஒரே மாவட்டம். ஆனால் தண்ணீரைக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். கல்லணையில் பிரிகிற வெண்ணாற்றின் கிளைகளான அரிச்சந்திரா நதி, அடப்பாறு, முள்ளியாறு எல்லாம் உங்கள் தாலுகாவின் வடக்கு, மேற்குப் பக்கங்களோடு சரி. மேட்டூரை ஜூன் 12ஆம் தேதியே திறந்தாலும் அந்தத் தண்ணீர் வேதாரண்யம் சன்னதித் தெருப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நண்பர் சொல்வது பாதி சரி.

மீதிப் பாதி மண்ணில் இருக்கிறது. காவிரியும் கிளைகளும் கடலில் கொண்டுபோய்த் தள்ளிய மணலை, அலையும் நீரோட்டமும் தெற்கே இழுத்து வந்து, சில ஆயிரம் வருடங்களாக வரிசை வரிசையாக மேடு போட்டிருக்கின்றன. கடல் பின்வாங்கப் பின்வாங்க ஒரு மேடு, பிறகு ஒரு பள்ளம், மறுபடி ஒரு மேடு. பழைய கடற்கரைகள்தான் இந்த மேடுகள், ஒன்றன் பின் ஒன்றாக. வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் சோழமண்டலக் கரை கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறதே, அந்த முனையும் இப்படிச் சேர்ந்ததுதான். ஆக, மற்ற டெல்டாவை ஆறு நேரடியாகக் கட்டியது, உங்கள் ஊரை ஆறு கொடுத்த சரக்கை வைத்துக் கடல் கட்டியது. கொத்தனார் வேறு, மண் ஒன்று.

இதற்குப் புவியியல் புத்தகம் தேவையில்லை, பஸ் போர்டைப் படித்தால் போதும். ஆயக்காரன்புலம், கருப்பம்புலம், தென்னம்புலம், கத்தரிப்புலம், செட்டிப்புலம், குரவப்புலம். புலம் என்றால் நிலம். ஆனால் இந்தப் புலங்களில் இறங்கினால் கால் மணலில் புதையும், வீடும் தோப்பும் ரோடும் மேட்டின் மேல் நீளவாக்கில் போகும். பக்கத்திலேயே தாணிக்கோட்டகம் என்று வந்தால் அது தாழ்வு, தண்ணீர் தேங்கும் வயல், எங்கள் மன்னார்குடிப் பக்கத்துக் களிமண். ஒரே தாலுகாவுக்குள் புலமும் கோட்டகமும் அடுத்தடுத்து. ஆயக்காரன்புலத்தை ஒன்றாம் சேத்தி, இரண்டாம் சேத்தி என்று எண்ணிச் சொல்கிறீர்களே, அந்தச் 'சேத்தி' என்ற சொல்லை நான் மன்னார்குடிப் பக்கம் கேட்டதே இல்லை.

முதன்முதலில் உங்கள் பக்கம் வந்தபோது கல்லூரி முதலாம் வருடம், சித்தப்பாவோடு ஒரு கல்யாணத்துக்கு. டெல்டா என்றால் நெல் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு மல்லிகையும் மாந்தோப்பும் புகையிலையும் கண்ணில் பட்டதும் வேறு மாவட்டத்துக்கு வந்துவிட்டோமோ என்று இருந்தது. வீட்டுக் கொல்லையில் ஒரு குட்டை, அதில் இரண்டு குடத்தைச் சாய்த்து மொண்டு மல்லிகைக்கு ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர், "பத்தடி தோண்டுனா நல்ல தண்ணி தம்பி, ஆசப்பட்டு இருபதடி போனீங்கன்னா உப்பு" என்றார். நான் ஏதோ பழமொழி சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். பல வருடம் கழித்துத்தான் புரிந்தது, அவர் சொன்னது அப்பட்டமான நிலத்தடி நீரியல். ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழை மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, அதனால் மேலே நிற்கும். மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால் அடியிலிருக்கும் உப்பு மேலேறி வந்துவிடும். ஆறில்லாத ஊர் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது இந்தப் படலத்தால்தான்.

வரலாற்றையும் இதிலிருந்துதான் பிடிக்க வேண்டும். திருமறைக்காடு என்ற பழைய பெயர் கொண்ட உங்கள் ஊர்க் கோயில் என்றதும் எல்லோரும் அப்பர் பாடிக் கதவு திறந்ததையும் சம்பந்தர் பாடி மூடியதையும் சொல்வார்கள், 'வேதாரண்யம் விளக்கழகு' என்ற சொலவடையும் ஊரறிந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது சுந்தரர் கோடியக்கரைச் சிவனான கோடிக்குழகரைப் பார்த்துக் கேட்டது. கடற்காற்று இப்படி வந்து அறைகிறதே, பக்கத்தில் ஒரு குடியிருப்புகூட இல்லையே, யார் துணை என்று இங்கே உட்கார்ந்திருக்கிறீர் என்று சிவனிடமே விசாரிக்கிறார். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் காலத்துக் கோடியக்கரைக்கு நேரில் பார்த்த சாட்சி இது. அதே காற்று 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் என்ற பெயரில் வந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நெல் என்றால் ஒரு போகம் போகும். மாவும் தென்னையும் சாய்ந்தால் ஒரு தலைமுறைச் சம்பாத்தியம் சாய்ந்தது. அந்த வருடம் டெல்டா நஷ்டத்தை நெல் கணக்கில் பேசியவர்களுக்கு இந்த வித்தியாசம் எட்டவே இல்லை என்பது என் ஆதங்கம்.

அப்புறம் உப்பு. மேட்டுக்குப் பின்னால் பரந்து கிடக்கும் தட்டையான சதுப்பு, கடல் நீர் உள்ளே வரும், வெயில் காயும், உப்பு தானாகவே பூக்கும். ராஜாஜி 1930 ஏப்ரல் 13 திருச்சியில் கிளம்பி ஏப்ரல் 30 அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார். அவர் இந்த ஊரைத் தேர்ந்ததற்கு இங்கே உப்பு இருந்தது ஒரு காரணம், உப்பு வணிகம் தெரிந்த வேதரத்தினம் பிள்ளை இருந்தது இன்னொன்று. நண்பரிடம் சொல்ல வைரப்பன் கதையை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் போராட்ட நாட்களில், தன்னிடம் சவரம் செய்துகொள்ள உட்கார்ந்த ஆள் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியை மடக்கிய சவரத் தொழிலாளி. மீதியைச் செய் என்ற மாஜிஸ்திரேட்டிடம் பெட்டியை நீட்டி, வேண்டுமானால் நீங்களே செய்யுங்கள் என்றாராம், உங்கள் ஊரில்தான் சொல்வார்கள். அவருக்கு அங்கே நினைவுத்தூண் இருக்கிறது, போகும்போது நின்று பாருங்கள். ஆனாலும் அந்தப் பதினேழு நாளோடு ஊரின் கதையை முடித்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. உப்பளத்தில் இன்றைக்கும் கோடை முழுக்க வெயிலில் நிற்கிறவர்களும் ஊர் வரலாறுதான்.

2011 கணக்கெடுப்பில் உங்கள் நகராட்சிக்கு 34 ஆயிரம் பேர். இறங்கிப் பார்த்தால் அத்தனை பேர் இருப்பதே தெரியாது, பாதி ஊர் தோப்புக்குள் ஒளிந்திருக்கும். 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி அகல ரயில்பாதை திறந்தார்கள், 37 கிலோமீட்டர். பொங்கலுக்கு நண்பரை அதில் கூட்டிக்கொண்டு போங்கள். வயல் எங்கே முடிகிறது, மணல் எங்கே தொடங்குகிறது என்று ஜன்னலோரம் உட்கார்ந்து அவரே பார்த்துக்கொள்ளட்டும். அப்படியே உங்கள் வீட்டுக் கொல்லைக் குட்டை எத்தனை அடி, இப்போது தண்ணீர் எப்படி இருக்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.